மிச்சம் வந்த மாலை

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்து காத்து. சம்பங்கி நல்ல மொட்டு.

பக்கத்துத் தோட்டத்துக்காரி பேரப்பிள்ளைகளை விசாரித்தாள். சொன்னேன். பெரியவன் கோயமுத்தூரில் பம்பு கம்பெனி இஞ்சினியர். அடுத்தவன் வேடசந்தூர் மில்லில் சூப்பர்வைசர். சுதா மதுரையில் நர்சு, அவள் ஊசி போட்டால் வலிக்காதாம். கடைசி கயல், சென்னையில் கேலரி நடத்துது. வரைஞ்ச படங்களைச் சுவரில் மாட்டி விக்கிற இடம்.

"காலண்டர் கடையாக்கா?" என்றாள்.

புத்தகமே எழுதியிருக்கு என் பேத்தி, போய்ப் படி என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

மாலை கட்டியதில் விரல் எரிச்சல். கயல் போனில் சொன்னது: "அப்பத்தா, சென்னையில அந்தக் காலத்துல இருந்து கேலரி நடத்துனவங்க போட்டோவெல்லாம் நாளைக்கு வரிசையா மாட்டுறேன். அதுல பதினோரு பேர் இப்ப இல்ல. அவங்களுக்கு நம்ம தோட்டத்துப் பூவுல பதினோரு மாலை வேணும்."

பன்னிரண்டு கட்டினேன். எந்தக் காரியம் தொடங்கினாலும் பிள்ளையாருக்கு ஒண்ணு. அதுக்குத் தெரியாதா என்ன, சொல்லவில்லை.

வாழை மட்டையில் சுற்றி, மகன் திண்டுக்கல்லில் சென்னை பஸ்ஸில் போட்டுவிட்டான்.

ஆவணி 7, சனி

இன்று அங்கே விழா. வேலை ஓடல. கயல் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சென்னையில் படம் விற்ற கதை. முதலில் படம் மாட்ட இடமே கிடையாதாம். கிளப்பு, ஓட்டல் வராந்தா, அங்கெல்லாம் கெஞ்சி மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு டாக்டர் சம்சாரம் கார் செட்டைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடித்து மாட்டினாள். ஒருத்தர் நாற்காலி பீரோ விக்கிற கடை மாடியில். ஒருத்தர் வெள்ளத்தில் படமெல்லாம் நனைந்து, வெயிலில் காயப்போட்டுக்கொண்டே படுத்தவர்தான். நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனால் ஒவ்வொருத்தரும் கடைசி வரியில் செத்துப்போகிறார்கள்.

கடைசிப் பக்கம் கயல். இப்போது நடத்துபவர் என்று நாலு வரி. கீழே பாதிப் பக்கம் வெறும் தாள்.

சாயந்திரம் மருமகள் ராணி செல்லைக் கொண்டுவந்தாள். "அத்தே, உங்க பேத்தி கடையப் பாருங்க."

வெள்ளைச் சுவர். வரிசையாப் போட்டோ. இல்லாதவர்கள் ஒவ்வொருத்தருக்கும் என் மாலை. இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை இல்லை, சரி. கடைசிப் படம் கயல். பட்டம் வாங்கினப்போ எடுத்தது, கறுப்பு அங்கி.

அதுக்கும் மாலை. நான் கட்டினது. கீழே விளக்கு.

ஆவணி 8, ஞாயிறு

சோறு இறங்கல. "வெஞ்சனம் நல்லால்லியா அத்தே?" என்றாள் ராணி. பல்லு வலி என்றேன்.

அவளுக்கு ஒண்ணும் தோணவில்லை. "பிள்ளைக்கு மாலையெல்லாம் போட்டு மரியாதை பண்ணிருக்காக" என்று சின்னாளப்பட்டியில் அவள் அம்மாவுக்குப் போனில் பெருமை. பெத்தவள், அவளிடம் எப்படிச் சொல்ல. ஆளுக்குப் போட்டால் மரியாதை. படத்துக்குப் போட்டால்

அதை இதில் எழுத மாட்டேன்.

என் கையால் கட்டினது. கடைசி முடிச்சு இறுக்கிப் போட்டேன்.

மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிஞ்சு வைத்தேன். புத்தகத்தைப் பீரோவில் சேலைக்கு அடியில். அந்தப் பாதித் தாள் கண்ணில் படக் கூடாது.

ஆவணி 9, திங்கள்

ராணி துணி துவைக்கப் போனதும் கயலுக்குப் போன் போட்டேன்.

"பன்னெண்டாவது மாலை யாருக்குத் தாயி போட்டீக?"

"மிச்சம் வந்துச்சு அப்பத்தா. பூ வீணாப் போகுமேன்னு இங்க ஒருத்தர் என் படத்துல மாட்டிட்டாரு. வந்தவுகெல்லாம் படத்தப் பாக்கல, உன் மாலையத்தான் பாத்தாக. மாலைக்கு ஒரு கேலரி வச்சிரலாமா?" சிரிக்குது.

"அது பிள்ளையாருக்கு."

"இங்க ஏது பிள்ளையாரு?"

"இன்னும் தொங்குதா?"

"தொங்குது. காஞ்சு போச்சு, அதுவும் அழகாத்தான் இருக்கு."

"எடு. இப்பவே எடு, நான் போனை வைக்க மாட்டேன்" என்றேன். "சரி சரி, ஸ்டூல் போட்டு எடுக்குறேன், செத்த நேரம் இரு" என்றது.

ஏதோ சாய்ந்த சத்தம். பிறகு ஒண்ணும் இல்லை. கயலு கயலு என்று கூப்பிட்டேன். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும்.

பிறகு கயல் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல அப்பத்தா, ஸ்டூல் ஆடிருச்சு. கால் பெரண்டுருச்சு. மாலை கையில வந்துருச்சு."

எடுக்கச் சொன்னதும் நான்தான்.

ஆவணி 10, செவ்வாய்

கால் வீங்கியிருக்காம். கட்டுப் போட்டு நடக்குதாம். சுதாவிடம் கேட்டேன், சுளுக்குத்தான், நாலு நாளில் சரியாப் போகும் என்றாள். அவள் சொன்னால் சரியா இருக்கும். இருந்தாலும்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஒரே ஒரு மாலை கட்டி நானே கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசாரி சாத்துகிறவரை நின்று பார்த்தேன்.

கொழுக்கட்டை ஒரு பக்கம் வெடிப்பு.

கயலுக்குக் கடுதாசியில் எழுத வேண்டியது:

அந்தக் கறுப்பு அங்கிப் படத்தை வரிசையிலிருந்து கழட்டு. நீ ஏறாதே, வேற யாரையாவது ஏறச் சொல்லு.

காலுக்கு உப்பு ஒத்தடம்.

காரணம் கேட்காதே.

புதுசா ஒரு போட்டோ எடு. செல்லில் வேண்டாம், தாளில், தபாலில் போடு. உங்க அம்மா எடுத்த சுங்குடிச் சேலை கட்டிக்கோ. கழுத்தில் சின்னச் சங்கிலி மட்டும், பூ வேண்டாம். ரெண்டு காலும் தெரியணும், தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி. சீக்கிரம் போடு.