கோட்டையில் ஒரே உயிர்

22 அக்., திங்கள்
மழை. விம்கோ நகர் தெருவில் முழங்கால் தண்ணீர். இறால் கம்பெனிக்குப் போகவில்லை.
வாங்க: ரசப்பொடி, சாம்பிராணி, அம்மாவுக்குத் தைலம்.
கம்ப்யூட்டரில் கோட்டை ஆட்டம். குட்டி மனிதன், கையில் விளக்கு. அறை அறையாகத் தாண்டிச் சாவி தேட வேண்டும். கீழே முள், மேலே கத்தி. இன்று கிணற்று அறையைக் கடந்துவிட்டேன். சேகர் அண்ணன் ஒரு வருடமாக அங்கேதான் செத்துக்கொண்டிருக்கிறான்.
வெல்டிங் முடிந்து வந்தவன் திரையைப் பார்த்தான். காதோடு சேர்த்து ஓர் அறை. பழைய இரும்புக் கடையிலிருந்து அவன் தூக்கிவந்த மிஷினாம், அவனைத் தாண்டி நான் போகக் கூடாதாம். வெள்ளிக்கிழமை தோஸ்துக்குக் கொடுத்துவிடுவானாம். முடித்துக் காட்டினால், என்றேன். சிரித்தான்.
"அதுக்குள்ள முடிச்சின்னா மிசினு உன்னுது. அம்மா மேல சத்தியம்."

23 செவ்வாய்
காது இன்னும் கொய் என்கிறது. இந்த ஆட்டத்தில் விட்ட இடத்தைச் சேமிக்க வழி இல்லை. அணைத்தால் மறுபடி முதல் அறை. அதனால் திரையை மட்டும் அணைத்துப் பெட்டி மேல் துணி போட்டிருக்கிறேன், உள்ளே அது ஓடுகிறது. கரண்ட் போனால் கரண்ட் ஆபீசைக் கொளுத்துவேன்.
குழம்பில் உப்பு அதிகமாம். அண்ணன் தட்டை அம்மா மேல் எறிந்தான். புடவையை உதறிவிட்டுத் தரையைத் துடைத்தாள். அவளைப் பார்த்தாலும் எரிச்சல்.

24 புதன்
இரண்டு கதவு பாக்கி. ஒரே உயிர். அவசரப்பட்டால் போச்சு, மீதி நாளைக்கு.
இந்த வீட்டை விட்டு நான் இஷ்டத்துக்குப் போய்வரும் ஒரே இடம் அந்தக் கோட்டை. அதையும் தூக்கிக்கொண்டு போனால் அவனைக் கொன்றுவிடுவேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

25 வியாழன், ஆயுத பூஜை
சுத்தி, அரிவாள்மணை, வெல்டிங் சாமான், எல்லாம் கழுவி வரிசையாக. சந்தனம், குங்குமம். இன்று எதையும் எடுக்கக் கூடாது. திரைக்குப் பொட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பெட்டிக்கும் வைக்க அம்மா துணியை விலக்கியிருக்கிறாள். சூடு, உள்ளே காற்றாடிச் சத்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.
"அதுக்கும் ஒரு நாளு ரெஸ்ட்டு வேணாமாடி? நாளிக்குப் போட்டா வுட்ட எடத்துலேர்ந்து வராதா?"
அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். திருஷ்டிக்கு வைத்திருந்த பூசணிக்காயை அவன் மூஞ்சியில் எறிந்தேன். மூக்கில் ரத்தம். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினான். திரும்பவும். அடுத்ததற்கு இழுத்தபோது அவன்தான் அலறினான். அம்மா கையில் சந்தனம் பூசிய சுத்தி. அவன் மணிக்கட்டு தொங்கியது.

26 வெள்ளி
எனக்கு நெற்றியில் தையல். அவன் இன்னும் ஆஸ்பத்திரியில். அம்மா அழவில்லை. காபி போட்டாள், பிளக்கை அவளே மாட்டினாள். முதல் அறை. பக்கத்தில் உட்கார்ந்து, அடிப்பதற்கு எந்தப் பட்டன் என்று கேட்டாள். இதில் அடிக்க முடியாது, தாண்டத்தான் முடியும் என்றேன்.
"அப்ப நீ பாத்துத் தாண்டு."
இதை எழுதும்போதே வாசலில் ஆட்டோ. அம்மா சுத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.