அடுத்த பக்கத்தைப் புரட்டாதவளுக்கு

புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி நெற்றியில், நீ எப்போதும் தேய்க்கிற அதே தலைவலித் தைலத்தைத் தேய்த்தாள். அவ்வளவுதான், நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். செத்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். வைத்திருக்கிறேன், போ.

சனிக்கிழமை மதியம் உன் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பறையில் கூடுவோமே, நான்கு தமிழ் மீடியம் பள்ளிகளின் நான்கு டீச்சர்கள். யாரும் உத்தரவு போடவில்லை, நீதான் கூப்பிட்டாய். மற்ற மீட்டிங்குகளில் ஆளாளுக்குப் பெருமை பேசுவார்கள். உன் அறையில் அதற்குத் தடை. "நல்லா நடந்த பாடத்த வூட்ல போய் சொல்லிக்க. சொதப்பினத மட்டும் இங்க சொல்லு" என்பாய். சொன்னதையெல்லாம் பெயர் போட்டு ஒரு நீள நோட்டில் எழுதுவாய். முதல் நாள் நான் தயங்கியபோது, "பயப்படாதடி, இந்த நோட்டு என் பீரோவ வுட்டுத் தாண்டாது" என்றாய். நம்பினேன்.

நம்பித்தான் அதைச் சொன்னேன். என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வரவேயில்லை. பாடத்தை முடிக்கிற அவசரத்தில் இரண்டு மாதம் அவள் பக்கம் திரும்பாமலே இருந்திருக்கிறேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். நீ திட்டவில்லை. அடுத்த வாரம் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். மணி அடித்ததும், "ஏய், அவளுக்குக் கணக்கு வருதுடி. வாய்க்குள்ள தெலுங்குல எண்ணிக்கினு தமிழ்ல எழுதறா, நடுவுல வுட்டுடறா. தெலுங்குலயே எண்ணட்டும் வுடேன்" என்றாய். விட்டேன். பதினைந்தே நாளில் தானாகக் கரும்பலகைக்கு ஓடி வந்தாள். அதையும் நீ அடுத்த பக்கத்தில் எழுதினாய்.

பிறகு சித்தூர் கல்வி அலுவலகத்திலிருந்து, உங்கள் குழு வேலை செய்வதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்களாம். நீ அந்த நோட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாய். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டலத்து டீச்சர்கள் அத்தனை பேரும் இருந்த மீட்டிங்கில் அதிகாரி என்னை எழுப்பி நிறுத்தி, நான் சொதப்பிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் தெலுங்கில் படித்துக் காட்டினார். "ஏம்மா, இதி நிஜமேனா?" நிஜம்தானே, என்ன சொல்வது? "அவுனு சார்" என்றேன். பக்கத்து நாற்காலியில் நீ. அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குனிந்தே உட்கார்ந்திருந்தாய். மெமோ என் கைக்கு வந்தது.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாய். "பெருமையாத்தான்டி குடுத்தேன். இப்டி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"குடுத்தத வுடு. வாய் இன்னாத்துக்கு இருக்குது உனுக்கு?" என்று உதறிவிட்டு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் கூடினோம். நான்கு பேரும் நன்றாக நடந்த பாடங்களைச் சொன்னோம். டீ குடித்தோம். அதற்கடுத்த வாரம் யாரும் வரவில்லை. நீ திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு தடவை எனக்குச் சொல்லி அனுப்பினாய். பரீட்சை வேலை இருக்கிறது என்றேன். பொய். வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

இப்போது மாதாந்திர மீட்டிங்கை நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். போன வாரம், புதிதாக வேலைக்கு வந்த ஒரு டீச்சர் எழுந்தாள். "மேடம், ரெண்டாங்கிளாஸ்ல ஒரு பையன நான் கண்டுக்கவே இல்ல. இப்பதான் எனக்கே தெரியுது" என்றாள். அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இப்டி ஆயிருக்குதா மேடம்?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள்.

உன் மேல் வைத்த கோபத்தை என்னால் இறக்கி வைக்க முடியவில்லையடி. இறக்கி வைத்தால், நாளைக்கே அந்தப் புது டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் போய், நான் சொன்னது பொய் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும்.