துடியலூர் சர்ச்சில் புதுப் பாடகி

அவிநாசி,
ஐப்பசி, 1994

மகா வித்துவானுக்கு,

பாழடைந்த சர்ச்சை வாடகைக்குப் பிடித்து, பீடம் இருந்த இடத்தில் டிரம்ஸ், அதன் பின்னால் அடுப்பு என்று குடித்தனம் நடத்தும் மேதை நீங்கள் ஒருவர்தான். கூரை ஒழுகியபோது கீபோர்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு என்னை நனையவிட்டீர்கள். அன்றே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று என் துணிமணிகளை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே என் பாட்டை ஒருத்தி பாடி முடித்து, "நல்லா வருதுங்களா?" என்றாள்.

"அருமைங்க அம்மணி!" என்றீர்கள்.

அவள் சுருதி விலகியதுகூட உங்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சுவர்களில் என் குரல் எதிரொலித்ததைக் கேட்ட காதுகளா அவை?

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன். உங்களுக்காக என்று பெருமைப்பட வேண்டாம். அந்தப் பாட்டை அப்படியே விட்டுவைக்க மனமில்லை. மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வையுங்கள்.

வேறு வழியில்லாமல்,
உங்கள் மனைவி