இடது கார்னர்

12 ஜூன் 2001, செவ்வாய்

கல்லூரிக் கபடி அணிக்கு ஆள் எடுக்கும் கோச் வீட்டுக்கு வந்தார். மதுரைக்காரராம். அண்ணன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. தோளை அழுத்திப் பார்த்தார். அம்மாவின் உயரத்தை விசாரித்தார்.

"இடது கார்னர்ல நின்னு பிடிக்கிற இடம் உனக்குத்தான் தம்பி. உன்னைக் கூப்பிட்ட இன்னொரு காலேஜுக்கு இப்பவே வேண்டாம்னு சொல்லிடு."

"இவன் ஹாஸ்டல்ல சாப்பிட்டுக்குவான், இனிமே நம்ம அரிசி மூட்டை தப்பிச்சுது" என்றார் அப்பா.

வழியனுப்பக் கீழே போனேன். "ஏம்மா, பக்கத்து பிளாக் செல்வமும் இடது கார்னர்தானே? அவன் வீடு எது?" என்று கேட்டார். அவன் வீட்டைக் கையால் காட்டினேன்.

ஓர் அணிக்கு இடது கார்னர் ஒருவன்தான்.

மேலே ஓடி வந்தேன். அண்ணன் பேசி முடித்து ரிசீவரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான். "வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தான்.