சால்வையில் கட்டிய வெயில்

மகாராணிக்கு,

ரொட்டியை மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி மாத்திரையைப் போட்டுக்கொள்.

பின்வாசலில் இரண்டு நாற்காலி போட்டேன். உன்னுடையதில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டு, “எங்க, அம்மாவக் காணோம்?” என்று விசாரித்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வெளியே வரப் பயப்படுகிறாள் என்றேன். அதற்கு முகமே வாடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மேகம் என்று நினைத்து, கொடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டார்.

மேற்கே போக வேண்டுமாம், அவசரப்படுகிறது. உன் பழைய சால்வையால் நாற்காலியோடு கட்டிப்போட்டிருக்கிறேன்.

பி.கு.: நேற்று, “மறுபடி விழுந்தா எலும்ப நீங்களா ஒட்டுவீங்க?” என்று கேட்டாய். நானும் கோபத்தில் திரும்பிப் படுத்துவிட்டேன். ஒட்டத் தெரியாது. கை பிடிக்கத் தெரியும். கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

சீக்கிரம் வா, சால்வை கருகுகிற வாசனை வருகிறது.