இன்னும் எத்தனை பேர் சேர்ந்தால் நாலு?

மாமல்லபுரம்,
19-11-1974

அன்புள்ள அத்தானுக்கு, சம்பூர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. பம்பாயில் உங்களுக்கு இருமல் நின்றதா? மருந்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாளாக ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் மட்டும் இருபத்தாறு பேர். இன்றைக்கும் காலியாகக் கிடந்த மணைப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் நான்தான். ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் கூட்டச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தெரிந்ததை வைத்துச் சொல்லிக்கொடு என்றீர்கள். கூடையில் ஆறு வஞ்சிரம், இன்னும் இரண்டு போட்டால் எத்தனை என்றேன். பட்டென்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிரில்தான் கேட்டேன்: "கட்டுமரத்தில் நாலு பேர் போனார்கள். மூன்று பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். இன்னும் எத்தனை பேர் சேர்ந்தால் நாலு ஆகும்?"

வகுப்பிலேயே சின்னவளான பாப்பா முந்திக்கொண்டு "ஒண்ணு டீச்சர்" என்று கத்தினாள். விரல் விட்டு எண்ணவே திணறிய பெண். கன்னத்தைத் தட்டிக்கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கடலில் இருக்கிறவர்களைக் கரையில் இருக்கிறவர்கள் எண்ணக் கூடாதாம். பெண்டாட்டிகூட எண்ணமாட்டாளாம். ஏரித் தண்ணீரையே பார்த்து வளர்ந்த மதுராந்தகத்துக்காரிக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?

மறுநாள் பேய்க்காற்று. பாப்பாவின் அப்பா செங்கல்வராயன் போன கட்டுமரத்தில் மூன்று பேர்தான் திரும்பினார்கள்.

அவள் அம்மா ஆதியம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றவில்லை. "இன்னா டீச்சரம்மா, எண்ணிட்டியே" என்று மட்டும் கேட்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லாம் மூடநம்பிக்கை, மாற்றலுக்கு எழுதிக்கொடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர் சடையப்பன். காற்றுதான் கவிழ்த்தது என்று எனக்கும் தெரியாதா? பாழும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

இன்று சாயங்காலம் பாப்பா அம்மாவுக்குத் தெரியாமல் என் வீட்டுக்கு வந்தாள். சிலேட்டைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். "டீச்சர், கரையில மூணு பேரு கீறாங்க, எங்க நைனாவும் வந்து சேர்ந்துட்டாருன்னு ஒரு கணக்கு போடு. நான் கரீட்டா நாலுன்னு சொல்றேன்" என்றாள். அன்றைக்குத் தான் சொன்ன விடையால்தான் அப்பா வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அந்தக் குழந்தை.

பலப்பத்தைக் கையில் எடுத்தேன். எழுத முடியவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். சொன்னபடி வந்து நிற்பாள். அந்தக் கணக்கைப் போட்டால் பொய். போடமாட்டேன் என்றால் அவள் அப்பாவை இன்னொரு தரம் நானே மூழ்கடித்த மாதிரி.

லீவு கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உடனே புறப்படுங்கள், எனக்கு வேறு யாரும் இல்லை. எந்த வண்டி, என்றைக்கு என்று எழுத வேண்டாம். நான் நாட்களை எண்ணமாட்டேன். பத்திரமாக வந்து சேருங்கள், அது போதும்.

உங்கள்
சம்பூர்ணம்