பொம்பேயித் தீர்த்தம்

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை. ரோட்டோரம் கரிபிடித்த பனி இன்னும் கரையவில்லை. குசினிக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரனுக்கு மறுபடி சொல்ல வேண்டும்.

பவானி மச்சாள் போன். என் அவருடைய அக்கா. அவள் மனுசனுக்கு முழங்கால் ஒப்பரேசன் முன்னுக்கு வந்துவிட்டதாம், இத்தாலிச் சுற்றுலாக் கப்பலில் அவருடைய இடம் சும்மா போகிறதாம். பெயர் மாற்ற விடுவார்களாம்.

"நீங்கள் வாங்கோவன். எனக்கும் பேச்சுத்துணை. உங்களுக்குப் பிரெஞ்சும் ஓடும்."

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இத்தனை வருசம் இருந்து அவள் கற்ற பிரெஞ்சு இரண்டு சொல். பொன்ஜூர், மெர்சி. நேரில் எப்போதும் மச்சாள், நீங்கள். இந்தக் கொப்பியில் அவள்தான். இங்கே வெறும் ப. முழுப் பெயர் எழுதினால் மை வீண்.

போன செப்டெம்பர் துளசியின் கலியாணம். துளசி ப.வின் ஒரே பிள்ளை. ப. டவுன்டவுனில் ஒபிஸ் வேலைக்குப் போக, அந்தப் பிள்ளையை வளர்த்தது நான். பனிக்குள் போர்த்தித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கார்டெரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்கு, போனது நான். என் பிரெஞ்சே அங்கே மற்றத் தாய்மாரோடு நின்று கதைத்துப் படித்தது. எனக்குப் பிள்ளை இல்லை.

கலியாண ஹோலில் ஆலாத்தித் தட்டில் கை வைத்தேன். ப. வந்து என் கையை எடுத்துவிட்டாள். சிரித்துக்கொண்டு. அத்தனை சனத்துக்கு முன்னால்.

"நீங்கள் சாப்பாட்டுப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ. குறை நினையாதேங்கோ, முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே."

செத்தது அவளுடைய சொந்தத் தம்பி. ஆனால் மூதேவி நான்.

போவேன். என்ன செய்வேன் என்று தெரியாது. போவேன்.

மே 1, வெள்ளி

பெட்டி: பிரஷர் குளிசை. நடக்கிற சப்பாத்து. மிளகாய்த்தூள், சின்னப் போத்தலில். கம்பளிச் சட்டை. பகோடா (ப.வுக்குக் காட்டக்கூடாது).

ப. போன். "கண்ணைக் குத்துற நிறமாக் கொண்டுவராதேங்கோ. சனம் பாக்கும்."

கப்பலில் எந்தச் சனம்? வேலை முடிந்து வரும் வழியில் கடையில் இறங்கினேன். ஒரு சிவப்பு பிளவுஸ். நல்ல சிவப்பு.

மே 5, செவ்வாய். கப்பல்

வெயில். கடல் அமைதி. ப.வின் குறட்டை அமைதி இல்லை.

மேசையில் எங்களோடு கியூபெக் பக்கத்துக் கிழவன், கிழவி. நல்ல சனம். பிரெஞ்சு மட்டும்தான். ப. என்னை இடித்தாள்.

"சொல்லுங்கோ. தம்பி போனபிறகு நான்தான் இவவைப் பாக்கிறன் எண்டு சொல்லுங்கோ. பாவம், தனிச்சுப்போனா எண்டு கூட்டிவந்தனான் எண்டும் சொல்லுங்கோ."

என் மீதான இரக்கத்தை நானே மொழிபெயர்க்க வேண்டும்! பிரெஞ்சில், "இந்த அம்மாவுக்கு உங்கள் தட்டில் இருக்கும் மீன்மேல் பெரிய ஆசை. கேட்க வெட்கப்படுகிறா" என்றேன்.

கிழவன் முகம் மலர்ந்தது. தன் மீனில் பாதியை வெட்டி ப.வின் தட்டில் வைத்தார். இன்று செவ்வாய். அவளுக்கு விரதம்.

"ஏன் இந்தாள் மீனை வைக்குது?"

"உங்கடை நல்ல மனசைக் கேட்டு உருகிப்போனார் மச்சாள். மரியாதைக்கு வைக்கிறார்."

மெர்சி, மெர்சி என்றாள். மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மே 6, புதன். நேப்பிள்ஸ், பொம்பேயி

காலையில் ப. சேலை மடிப்பு எடுத்து முடிக்குமுன் ஆங்கில பஸ் நிறைந்துவிட்டது. பிரெஞ்சு பஸ்ஸில் இடம் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று.

இரவு மழை பெய்திருக்கிறது. கல் ரோட்டில் வண்டிச்சில்லுப் பள்ளம், அதற்குள் தண்ணீர். வழிகாட்டி ஒரு இளம்பெட்டை, மஞ்சள் குடை. மத்தியானத்துக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும் என்று எங்களை ஆடு மாதிரி ஓட்டினாள். எரிமலை வெடித்து ஒரு முழுப் பட்டினமும் சாம்பலுக்குள் மூடுண்டு கிடந்ததாம். றொட்டி சுட்ட அடுப்பு அப்படியே இருக்கிறது. சுவரில் நிறம் கூட இருக்கிறது.

"உதென்ன," என்றாள் ப., "கூரையில்லாத வீடு பாக்கவே இவ்வளவு தூரம் வந்தது? ஊரிலை எங்கடை வீடும் ஷெல் விழுந்து இப்பிடித்தானே கிடந்தது."

அது உண்மை. அவர் பிறந்த வீடு. கலியாணம் முடித்து நான் போன வீடு. இருவரும் ஒரு வாசற்படியில் நின்றோம். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அவள் கையைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது சொன்னாள்: "அண்டைக்கே சாத்திரியார் சொன்னவர், உங்கடை சாதகம் தம்பிக்குக் கூடாதெண்டு. அவன்தான் கேக்கேல்லை."

சரி.

அடுத்த கட்டடம் பழைய சலவைக்கடை. வழிகாட்டி விளக்கினாள். அந்தக் காலத்தில் சவர்க்காரம் இல்லை. தெருமுனைகளில் சாடி வைத்து வழிப்போக்கரின் மூத்திரம் சேர்ப்பார்கள். அதைத் தொட்டியில் ஊற்றி, அடிமைகள் உள்ளே இறங்கி உடுப்பை மிதிப்பார்கள். பிரெஞ்சுச் சனம் மூக்கைப் பிடித்துச் சிரித்தது.

தொட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. ஒன்றை விட்டு ஒன்று தாழ, படிப்படியாக. ப. தொட்டியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். முகத்தில் பக்தி வந்துவிட்டது.

"இது கோயில் தீர்த்தக்கேணிதானே? படியும் இருக்கு."

நான் எதுவும் சோடிக்கவில்லை. எல்லாம் அவளே சொன்னாள். நான் சொன்னது ஒரு சொல்.

"ஓம்."

குனிந்து கையை நனைத்துத் தலையில் தெளித்தாள். கண்ணில் ஒற்றினாள். வழிகாட்டி, "மடாம், நோன்! தொடாதேங்கோ!" என்று முன்னால் போய்விட்ட கூட்டத்துக்குள் இருந்து பிரெஞ்சில் கத்தினாள்.

"என்னவாம்?"

"செருப்பைக் கழட்டட்டாம்."

கழற்றினாள்! சேலையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் நின்று, குடிதண்ணீர்ப் போத்தலை ஊற்றிவிட்டு அதில் நிறைத்தாள். துளசி வாங்கியிருக்கும் புதுவீட்டுக் குடிபூரலுக்கு எடுக்கிறாளாம். பால் பொங்கினதும் அறைகளில் தெளிக்க.

"என்னை ஒரு படம் எடுங்கோ."

எடுத்தேன். கைகூப்பி நிற்கிறாள். பின்னால் சலவைத் தொட்டி. முதல் படம் கலங்கிவிட்டது, இரண்டாவது அருமை.

மே 7, வியாழன். கப்பல்

காற்று. சுகமான நித்திரை. அவர் போனபிறகு இப்படி நித்திரை கொண்டதில்லை.

ப. படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். "ஈராயிரம் வருசத்துத் தீர்த்தம், துளசி வீட்டுக்கு." கனடா, லண்டன், கொழும்பு, எல்லாரும் கும்பிட்ட கை போட்டிருக்கிறார்கள். நானும் போட்டேன்.

சிவப்பு பிளவுஸ் போட்டேன். அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, பிரெஞ்சுக்கு நான் வேண்டும்.

மே 13, புதன். மொன்றியல்

குளிர் விட்டுவிட்டது. சென்ட் லோரன்டில் பழையபடி மாத்திரை பக்டரி, பழையபடி பெல்ட்டில் பெட்டி அடுக்கல். குடிபூரலன்று தொட்டிக் கதையை உடைப்பதை அடுக்கிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். எப்படித் தொடங்குவது? "மச்சாள், ஒரு விசயம்" என்றா? வேண்டாம், அது மெத்தென்று இருக்கும். சாப்பாடு முடிந்து பொம்பிளைகள் எல்லாரும் இருந்து பாக்கு வெற்றிலை போடும்போது. அவள் கப்பல் புளுகு புளுகிக்கொண்டிருக்கும்போது. மெல்லமாக, சிரித்துக்கொண்டு. அவள் என் கையை எடுத்துவிட்டது போல.

அதுவரை அறை அறையாகத் தெளிக்கட்டும். நிலம்தானே, கழுவலாம். பிறகு நானே போய்த் துளசிக்குக் கழுவிக் கொடுப்பேன்.

மே 22, வெள்ளி

ப. போன். "ஞாயிறு பால் பொங்கினாப் பேந்து வாங்கோ. முதலே வந்து நிக்கவேண்டாம். வடைக்கு உழுந்தை நீங்களே ஊறப்போடுங்கோ, உங்கடை கைக்குத்தான் வடை மெத்தெண்டு வரும்."

வடைக்கு மட்டும் நான் சுமங்கலி.

வாங்க: உழுந்து, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், எண்ணெய்.

துளசியும் எடுத்தாள். களைத்த குரல். "மாமி, வெள்ளன வாங்கோ. அம்மா சொல்லுறதைக் கேக்காதேங்கோ." வேறு ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டாள். கேட்டிருக்கலாம்.

மே 24, ஞாயிறு

நல்ல வெயில். கை இன்னும் எரிகிறது, எண்ணெய் தெறித்தது.

வெள்ளனவே போனேன். துளசி கூப்பிட்டவள், ப. யார் என்னைத் தடுக்க? கழற்றிய புகை அலாரத்தை ப.வின் மனுசன் மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். ஐயர் வந்தாயிற்று. பால் பொங்கியது. குசினிக் கதவடியில் வடைத்தட்டோடு நின்றேன், அதற்கு மேல் போகவில்லை.

ப. போத்தலோடு வந்தாள். பட்டுத்துணி சுற்றியிருந்தாள் அதற்கு! அறை அறையாகத் தெளித்தாள். பிறகு தன் உள்ளங்கையில் விட்டு ஒரு மிடறு குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு. பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சந்தோசம் எனக்கு, சொல்லி முடியாது. வெற்றிலை போடும் நேரம் வரை பொறுக்க வேண்டுமே என்றுதான் தவிப்பு.

அப்போது துளசியை இழுத்து முன்னால் விட்டாள். "என்ரை பிள்ளை முழுகாமல் இருக்கிறாள். மூண்டு மாசம் முடிஞ்சுது, இனிச் சொல்லலாம். இந்தா பிள்ளை, தீர்த்தத்தைக் குடி. வயித்தில இருக்கிறதுக்கும் போகட்டும்."

ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் முன்னரே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் கண் பட்டுவிடும் என்று ஒளித்திருக்கிறார்கள். துளசி என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். அவள் கையில் தண்ணீர்.

வடைத்தட்டு எங்கே போனது என்று தெரியாது. ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். போத்தலும் விழுந்தது.

"குடியாதை! அது தீர்த்தமில்லை. வண்ணார் மூத்திரத்தில உடுப்பு மிதிச்ச தொட்டி. வழிகாட்டி சொன்னவள், எனக்குத் தெரியும்."

நான் ஒத்திகை பார்த்த குரல் இது இல்லை. சிரிப்பும் வரவில்லை.

ஐயர் தன் சால்வையில் தெளித்த இடத்தைப் பார்த்தார். ப.வின் மனுசன்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு. ப. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். இதைத்தானே கேட்டேன்? இதைவிடத் திறமாகவே கிடைத்தது.

வெளியே வந்தாள். முகம் கழுவி, பொட்டு அழிந்து. சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

"ஏன் நான் இவவை முன்னுக்கு விடுறேல்லை எண்டு இப்ப விளங்குதோ?"

சிரிப்பு நின்றது. ஓம் என்று ஒரு பொம்பிளை தலையாட்டினாள். பிறகு இன்னொருத்தி. கலியாணத்தில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டவள் அவள்.

துளசி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்தேன். "விடுங்கோ மாமி, நான் செய்யிறன்," என்றாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 26, செவ்வாய்

வெக்கை. வேலைக்குப் போகவில்லை. மிஞ்சிய உழுந்தை எறிந்தேன்.

குடும்பக் குழுவில் என்னைக் காணவில்லை. எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். அந்தப் படத்தைக் கொழும்பில் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

பின்னேரம் துளசி எடுத்தாள். அம்மாவுக்கு வயிறு சரியில்லையாம், கிளினிக்குக்குப் போய் வந்தார்களாம், பயமில்லையாம். நான் "ம்" என்றேன்.

"மாமி, உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை. அம்மா சத்தியம் வாங்கினவா."

"அது பரவாயில்லையம்மா."

"ஒண்டு கேக்கட்டே? அம்மா குடிக்கேக்கை நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். நான் கண்டனான். எனக்குப் பிள்ளை இல்லாட்டி, எனக்குத் தராட்டி, நீங்கள் சொல்லியிருக்க மாட்டியள் என்ன?"

பொய் சொல்லலாம். வேறு ஆரென்றாலும் சொல்லியிருப்பேன். கப்பல் முழுக்கச் சொன்னவள்தானே நான்.

"சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொல்லியிருப்பன். எல்லாருக்கும் முன்னாலை."

"அவ குடிச்சாப் பிறகு."

"ஓம்."

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் கலியாண ஹோலைச் சொல்லியிருப்பேன், அவள் அம்மா என் கையைத் தொட்ட இடத்தைச் சொல்லியிருப்பேன். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் நின்று அதை வளர்க்கலாம் என்று ஞாயிறு இரவே நினைத்து வைத்திருந்தேன், அதையும் சொல்லியிருப்பேன்.

"பிள்ளைக்குக் கார்டெரியில இப்பவே பெயர் குடுத்திட்டம் மாமி," என்றாள். "பிறந்தாச் சொல்லுறம். வந்து பாத்திட்டுப் போங்கோ."